அணைக்காத திரை

போர்ட் சயீதுக்கும் எதிர்க்கரையில் இருக்கிற போர்ட் ஃபுவாதுக்கும் நடுவே, கால்வாயின் குறுக்கே, கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்கப் படகு விடுகிறவன் ஷவ்கி. ஊரில் எல்லோரும் அவனை ‘ரய்யிஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள்; படகுத் தலைவனுக்கு அங்கே அதுதான் மரியாதை. மூடுபனிக்குள்ளிருந்து சரக்குக் கப்பல் மலை மாதிரி எதிரே முளைத்தாலும் அவன் கை நடுங்கியதில்லை. ஆனால் யாராவது அவன் வீட்டுப் பொருளைப் பார்த்து, “அடேயப்பா, என்ன அழகு!” என்று வாயைப் பிளந்துவிட்டு, ‘மாஷா அல்லாஹ்’ என்று இறைவன் பேரைச் சொல்லாமல் போய்விட்டால் போதும். அன்றைக்கு அவனுக்கு ரொட்டி தொண்டையில் இறங்காது. நாற்பத்தாறு வயதிலும் கண்ணேறு என்றால் அப்படி ஒரு பயம்.

அவன் வீட்டுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டி வந்தது. துபாயிலிருந்து வந்த ஒருவர் விமானத்தில் மடிக்குழந்தைபோல் காத்துக் கொண்டுவந்த பெட்டி. உள்ளே அவன் மனைவி ரவ்யாவின் புதுக் கணினித் திரை.

ரவ்யா காலையில் மருந்துக்கடையில் நிற்பாள். மாலையானால் காதோரம் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஐந்து பெண்கள் சேர்ந்த அணி அது. ஜித்தாவில் ஒருத்தி, அம்மானில் ஒருத்தி, குவைத்தில் ஒருத்தி, காசாபிளாங்காவில் ஒருத்தி, இங்கே இவள். காசாபிளாங்காக்காரி வேகமாகப் பேசினால் மற்ற நாலு பேருக்கும் ஒரு சொல் புரியாது. ஆனாலும் நாலு வருடமாக ஐந்து பேரும் ஒரே உயிராக ஆடுகிறார்கள். துப்பாக்கி ஆட்டம்தான். ஷவ்கிக்கு அது என்னவென்று பாதி புரியும், பாதி புரியாது. ஆடி முடித்து எழுந்து வரும்போது அவள் முகம் கடற்காற்று பட்ட முகம் மாதிரி இருக்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அந்த முகம் ஆறு மாதமாக வாடியிருந்தது. காரணம் பழைய திரை. அதில் கருப்பு என்றால் சாம்பல். ஆட்டத்தில் இருட்டுக் கிடங்கு ஒன்று வரும். அதன் மூலையில் எதிராளி பதுங்கியிருந்தால் மற்ற நாலு பேருக்கும் தெரியும், இவளுக்குத் தெரியாது. முதல் ஆளாக விழுவாள். போன வாரம் அணித்தலைவி, ஜித்தாக்காரி கதீர், நயமாகத்தான் சொன்னாள். ஒலிபெருக்கியில் ஷவ்கிக்கும் கேட்டது.

“ரவ்யா, உன் கையில குறையே இல்லடி. இருட்டுலதான் உனக்குக் கண்ணு தெரியல. வர்ற வெள்ளிக்கிழமை போட்டியிலயும் இதே கதைன்னா, மஸ்கட்ல ஒரு பொண்ணு இடத்துக்காகக் காத்துட்டு இருக்கா. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு?”

ரவ்யா இரண்டு வருடமாக ஒதுக்கிவைத்த பணத்தை எடுத்துத் துபாய்க்குச் சொல்லி அனுப்பினாள். அவ்வளவுதான்.

திரையை மேசையில் நிறுத்தி இணைத்ததும் ஜன்னல் பலகைகளைச் சாத்திவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள்.

“ஷவ்கி, இங்க வா. என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியல. இன்னும் ஆன் பண்ணலயே நீ.”

“ஆன்லதான் இருக்கு.”

“போடி.”

அவள் சுட்டெலியை லேசாக நகர்த்தினாள். கும்மிருட்டின் நடுவில் ஒரே ஒரு வெள்ளை அம்பு நகர்ந்தது. அதைச் சுற்றி ஒரு மங்கல்கூட இல்லை. பிறகு ஒரு படம் போட்டாள். நடுக்கடல் ராத்திரி, தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கு. ஷவ்கி ஒரு அடி பின்னால் போனான். சின்ன வயதில் அப்பாவோடு மீன்பிடிக்கப் போன நாளில் பார்த்த இருட்டு அது. அதற்கப்புறம் கரையில் விளக்குகள் பெருகிவிட்டன. அப்படி ஓர் இருட்டை அவன் பார்க்கவே இல்லை.

“ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியா எரியும். கருப்புன்னா அந்தப் புள்ளி அணைஞ்சே போயிடும், அதான்,” என்றாள் ரவ்யா. அவள் குரலில் ஆறு மாதமாகக் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று திரும்பியிருந்தது.

அந்த நேரம் பார்த்து மன்சூரா ஊரிலிருந்து தொலைபேசி. அங்கே அவள் தங்கைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. ரவ்யா பையை எடுத்து நாலு துணியைத் திணித்துக்கொண்டு வாசலில் நின்று விரலை நீட்டினாள்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்துடுவேன். சாயங்காலம் போட்டி. அதுவரைக்கும் அந்தத் திரையைத் தொடாத. துடைக்காத. துணி போட்டு மூடாத. புரியுதா?”

“விரல்கூடப் படாது. என் கண்ணாணை.”

அவன் சத்தியம் தவறுகிற ஆள் இல்லை. விரல் படவில்லைதான்.

ஆனால் அன்று காலை பெட்டியைத் தூக்கி வரும்போது படிக்கட்டில் மூன்றாம் மாடியில் இருக்கும் நாதிரின் அம்மா உம்மு நாதிர் எதிர்ப்பட்டிருந்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, “இதென்ன, எங்க வீட்டு ஜன்னலை விடப் பெரிசா இருக்கு! ரெண்டே பேரு இருக்கிற வீட்டுக்கா இது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. ரவ்யாவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து ஷவ்கி தேநீர் ஊற்றினால், கண்ணாடிக் குவளை ‘டக்’ என்று இரண்டாகப் பிளந்தது. அதற்கு மேல் அத்தாட்சி வேண்டுமா?

முதலில், வீட்டு மூலையில் கிடந்த பழைய திரையைத் தூக்கிக்கொண்டு போய் உம்மு நாதிரிடம் கொடுத்தான். “உங்க பையன் படிப்புக்கு ஆகும்,” என்றான். கொடுத்த கையை யார் கண்ணும் எதுவும் செய்யாது என்று ஒரு கணக்கு. பிறகு ரவ்யா கால்பந்து பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தபடியே கணினியில் குர்ஆன் ஓதும் ஒளிபரப்பு நிலையத்தைப் போட்டான். மக்கள் கடையைப் பூட்டிவிட்டுப் போகும்போதுகூட உள்ளே வானொலியில் ஓதலை விட்டுவிட்டுப் போகிற ஊர் அது. ஓதல் கேட்கிற இடத்தில் பொறாமை நுழையாது. திரையின் ஓரங்களில் பச்சையும் பொன்னுமாகப் பூ வேலைப்பாடு, நடுவில் அசையாத பள்ளிவாசல் படம், கீழ் மூலையில் மணியை எண்ணில் காட்டும் ஒரு கடிகாரம். ஒளியை முழுசாக ஏற்றிவிட்டான். காவல் என்று வைத்தபின் மங்கலாக வைப்பானேன்?

செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாளும் ஓதல் ஓயவில்லை. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை திரையின் ஓரத்தில் சின்னப் பெட்டி ஒன்று முளைத்து ஆங்கிலத்தில் ஏதோ சொல்லும். நில், மெதுவாகப் போ, இடப்பக்கம் ஒதுங்கு என்கிற கப்பல் ஆங்கிலம் ஷவ்கிக்குத் தெரியும். இது வேறு ஆங்கிலம். கைத்தொலைபேசி காலையில் வாழ்த்துச் சொல்கிற மாதிரி இதுவும் ஏதோ வாழ்த்து என்று நினைத்தான். திரைக்கு அடியில் இருந்த குமிழை மட்டும், கண்ணாடியில் விரல் படாமல், ஒரு தட்டு தட்டி அதை மறைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும், “உனக்கும் அப்படியே ஆகட்டும்,” என்று பதில் சொன்னான்.

புதன்கிழமை ரவ்யா கூப்பிட்டாள். பெண் குழந்தை, சுகப்பிரசவம்.

“என் திரை எப்படி இருக்கு?”

“ராணி மாதிரி இருக்கு. காவலோட இருக்கு.”

“என்ன காவல்?”

“நான்தான். வேற யாரு?”

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. காலை எட்டு மணிக்குக் குளித்து, தாடியைச் சீவிக்கொண்டு, அவள் வருவதற்குள் மேசைத் தூசியைத் தட்டிவிடலாம் என்று நிலையத்தை மூடினான். வெறும் சாம்பல் நிறத் திரை வந்தது. அதில் பூ வேலைப்பாடு போகாமல் நின்றது.

நிலையத்தை மூடிவிட்டானே? மறுபடி பார்த்தான். மங்கலாக, தண்ணீருக்கு அடியில் தெரிகிற மாதிரி, சுற்றிலும் பூக்கள். நடுவில் குவிமாடத்தின் கோடு. ஷவ்கியின் உடம்பு புல்லரித்தது. என் வீட்டில், இந்தப் படகோட்டியின் வீட்டில், இப்படி ஓர் அற்புதமா! பள்ளிவாசல் இமாமைக் கூப்பிட வேண்டும் என்று தொலைபேசியைக்கூட எடுத்துவிட்டான். அப்போது கீழ் மூலை கண்ணில் பட்டது. அங்கே கடிகாரமும் இருந்தது. மூன்று நாளின் எல்லா எண்களும் ஒன்றின்மேல் ஒன்று அப்பிக்கொண்டு கறையாக, மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவில் நிற்கிற இரண்டு புள்ளிகள் மட்டும் துல்லியமாக. அற்புதம் என்றால் அதில் கடிகாரம் எதற்கு?

தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். மாலை நாலு மணிக்குப் போட்டி. மஸ்கட்டில் ஒரு பெண் காத்திருக்கிறாள்.

இரண்டு தெரு தள்ளி லபீப் இருந்தான். கப்பல்களில் ராடார் திரை பழுது பார்க்கிற கிறிஸ்தவன். இருபது வருடச் சிநேகிதன். வீட்டு உடுப்போடு, கையில் பாதி கடித்த ரஸ்க்கோடு வந்து திரையை உற்றுப் பார்த்தான்.

“இதை எப்போ அணைச்ச?”

“அணைக்கிறதா? ஒரு நிமிஷம்கூட அணைக்கல. நான் என்ன அவ்வளவு பொறுப்பில்லாதவனா?”

“மூணு நாளும்?”

“மூணு நாளும்.”

“முழு வெளிச்சத்துல?”

“முழுசா.”

லபீப் ரஸ்க்கை மேசையில் வைத்தான். “ரய்யிஸ், ஒரே ஆள்கிட்ட ஒரே மூட்டையைக் கொடுத்து மூணு நாள் இறக்காம நிக்க வெச்சா தோள்ல தழும்பு விழுமா விழாதா? இதுல இருக்கிற புள்ளிங்களும் அப்படித்தான். ராத்திரி அணைச்சா, அதுவே உள்ளுக்குள்ள தன்னைச் சரி பண்ணிக்கும். நீ அதுக்கு விடவே இல்ல. கேட்டுக்கூட இருக்குமே, ‘கொஞ்சம் அணை’ன்னு?”

ஷவ்கிக்கு அந்த வாழ்த்துப் பெட்டி ஞாபகம் வந்தது.

“சரி, இதை அழிச்சா பாவம் இல்லயே?” என்று மெல்லக் கேட்டான்.

“பூ போட்ட சட்டம்தானேப்பா இது. நான் சொன்னா உனக்குத் திருப்தியா இருக்காது, உங்க பள்ளிவாசல் ஷேக்கைக் கேளு. ஆனா உங்க ஷேக்குக்கும் திரை வாங்கினா பூ இல்லாமத்தான் பிடிக்கும்.”

லபீப் குமிழைத் தட்டித் தட்டி ஒரு பட்டியலைக் கொண்டுவந்தான். திரை தன்னைத்தானே கழுவிக்கொள்கிற வேலை அதில் இருந்தது. சின்னக் கழுவலைப் போட்டான். திரை இருண்டு, அடியில் ஒரு விளக்கு மட்டும் மினுக்கியது. பத்து நிமிடம் இருவரும் பிரசவ அறை வாசலில் நிற்கிறவர்கள் மாதிரி நின்றார்கள். முடிந்தபோது பூக்கள் முக்கால்வாசி போயிருந்தன. குவிமாடம் மங்கியிருந்தது. கடிகாரக் கறை மட்டும் போகவில்லை.

“பெரிய கழுவல் ஒண்ணு இருக்கு,” என்றான் லபீப். “ஒன்றரை மணி நேரம் ஆகும். நடுவுல கரண்ட் போனா நல்லதில்ல. அதைப் போட்டா திரை ஒரு பொட்டு தேயும்னும் எழுதியிருக்கான். இதை நானோ நீயோ முடிவு பண்ணக் கூடாது. திரைக்காரி வரட்டும்.”

“லபீப்... அவகிட்ட சொல்லித்தான் ஆகணுமா?”

லபீப் திரையில் கருப்புப் படம் ஒன்றைப் போட்டான். எந்தக் கறையும் தெரியவில்லை. “பாரு, கருப்புல ஒண்ணும் தெரியாது. எரியாத புள்ளியில தழும்பு எப்படித் தெரியும்? கருப்புப் படமா பார்த்துப் போட்டு வெச்சா, ரவ்யா ஆட உக்கார்ற வரைக்கும் கண்டுபிடிக்க மாட்டா.” ரஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். “அப்புறம் ஆட்டத்துல வெயில் வரும். அந்த மூலையில ஏதோ நிக்குதுன்னு அவ சுடுவா. அது உன் கடிகாரமா இருக்கும்.”

ஜும்ஆ தொழுகையில் ஷவ்கி என்ன கேட்டான் என்பது அவனுக்கும் இறைவனுக்கும் மட்டும்தான் தெரியும். முடிந்ததும் நேரே பஸ் நிற்கிற இடத்துக்குப் போனான். இறங்கியதும் ரவ்யா தொலைபேசியை நீட்டிக் குழந்தையின் படத்தைக் காட்டினாள். அவன் பார்த்தான், “மாஷா அல்லாஹ்” என்றான், அதே மூச்சில் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தான். குவளை உடைந்தது, நிலையம், முழு ஒளி, சின்னப் பெட்டி, கடிகாரம். வீட்டுக்குப் போகிற படகில் ஏறி எதிர்க்கரை வரும்போதுதான் முடித்தான். கடற்காக்கைகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு கூடவே வந்தன.

ரவ்யா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள்.

“தொடாதன்னு சொன்னேனே ஷவ்கி.”

“தொடல ரவ்யா.”

“ஆறு மாசம். ஆறு மாசமா அவங்க நாலு பேருக்கும் நான் பாரமா இருந்தேன். உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சதாலதான். அதுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னுதான்...”

படகு கரையில் இடித்து நின்றது. ரவ்யா வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் திரை முன் நின்று பட்டியலைப் படித்தாள். மணி ஒன்றரை. பெரிய கழுவல் முடிய மூன்று ஆகும். அரை நொடிகூடத் தயங்கவில்லை, அழுத்திவிட்டாள். திரை இருண்டது. விளக்கு மினுக்கியது.

“பழைய திரையை எடுத்து வை. ஒருவேளை இது சரியாகலன்னா?”

ஷவ்கி சுவரைப் பார்த்தான்.

“எங்க அது?”

“உம்மு நாதிருக்குக் கொடுத்துட்டேன்.”

ரவ்யா நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அவன் பதறிப்போய்க் கிட்டே வந்தால், சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள்.

“அந்தப் பெட்டி வந்தப்போ எல்லாம் என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு.”

“‘உனக்கும் அப்படியே ஆகட்டும்’னேன்.”

“அது உன்னைக் கெஞ்சியிருக்கு. நீ அதுக்கு நல்லா இருன்னு துஆ செஞ்சிருக்க!” சிரிப்பு அடங்கியதும் சட்டென்று நிமிர்ந்தாள். “கரண்ட்! ஷவ்கி, கரண்ட்!”

அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூன்றாம் மாடியில் துணி துவைக்கிற இயந்திரமும் வெந்நீர்க் கலனும் ஒன்றாக ஓடினால் அந்த வரிசை வீடுகள் முழுக்க ஃபியூஸ் போய்விடும். உம்மு நாதிர் துவைப்பது வெள்ளிக்கிழமை மத்தியானம்தான். ஷவ்கி படிகளை இரண்டிரண்டாகத் தாவினான். கதவைத் திறந்தபோது அவள் தோளில் அழுக்குத் துணி மூட்டை இருந்தது.

“உம்மு நாதிர், மூணு மணி வரைக்கும் துவைக்காதீங்க. உங்க புண்ணியமாப் போகும்.”

“ஏன், யாராவது செத்துட்டாங்களா?”

காரணத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்கக் கேட்க அவள் மூட்டை தோளிலிருந்து இறங்கியது.

“அப்போ என் கண்ணு பட்டுடும்னுதான் மூணு நாளா ஓத விட்டியா? அந்தத் திரையைக் கொடுத்ததும் அதுக்குத்தானா? நான் என்னமோ என் நாதிர் மேல உனக்கு அவ்வளவு பாசம்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டு வந்தேனே!”

ஷவ்கி தலையைக் குனிந்துகொண்டு, “என் புத்தியைத்தான் அடிக்கணும், அக்கா. உங்க கண்ணு ஒண்ணும் பண்ணல. பண்ணினது நான்,” என்றான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். மூட்டையை உள்ளே எறிந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அவனோடு கீழே இறங்கினாள். வந்தவள் இருண்ட திரை முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, “மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்,” என்று விட்ட குறைக்கெல்லாம் சேர்த்துச் சொன்னாள். “போதுமாடா ரய்யிஸ்? இன்னும் வேணுமா?”

“போதும் அக்கா.”

“போதாது. டீ வை.”

மூன்று அடித்துப் பத்து நிமிடத்தில் விளக்கு மினுக்குவதை நிறுத்தியது. ரவ்யா சாம்பல் நிறத்தை முழுத் திரைக்கும் போட்டாள். மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. பூக்கள் இல்லை. குவிமாடம் இல்லை. எண்களின் கறையும் கரைந்துவிட்டது. கீழ் மூலையில் கடிகாரத்தின் நடுப் புள்ளிகள் இரண்டு மட்டும், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி நின்றன.

“எனக்கு ஒண்ணும் தெரியல,” என்றாள் உம்மு நாதிர்.

“எனக்குத் தெரியுது,” என்றான் ஷவ்கி, குற்றவாளிக் குரலில்.

“உனக்குச் சாகற வரைக்கும் தெரியும்,” என்றாள் ரவ்யா. ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டாள்.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மூன்று சுற்று. முதல் சுற்று வெயில் முற்றம். ரவ்யா புதுத் திரைக்குப் பழகாமல் இரண்டு தடவை தடுமாறினாள், தோற்றார்கள். மூலைப் புள்ளிகள் அவளுக்குத் தொல்லை தரவில்லை; ஷவ்கிக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டாவது சுற்று இருட்டுக் கிடங்கு.

அறையே இருண்ட மாதிரி ஆயிற்று. ஷவ்கிக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு, மூடுபனியில் கப்பலைத் தேடிப் பழகிய கண், தானாகவே தேட ஆரம்பித்தது. தூரத்தில், மூட்டைகளுக்குப் பின்னால், கருப்புக்குள் இன்னொரு கருப்பு. தோள் மாதிரி ஒரு விளிம்பு. சொல்லலாமா என்று அவன் வாயைத் திறப்பதற்குள் ரவ்யாவின் குரல் வந்தது.

“கதீர், அப்படியே நில்லு. மூட்டைக்குப் பின்னாடி ஒருத்தி இருக்கா. படிக்குக் கீழே இன்னொருத்தி.”

“எங்கடி? எனக்கே தெரியலயே!”

“எனக்குத் தெரியுது.”

இரண்டு வெடிச்சத்தம். காசாபிளாங்காக்காரி அலறினாள், என்ன அலறினாள் என்று யாருக்கும் புரியவில்லை, சந்தோஷம் என்பது மட்டும் புரிந்தது. அந்தச் சுற்றில் ரவ்யா ஒரு தடவைகூட விழவில்லை, ஜெயித்தார்கள். மூன்றாவது சுற்று இழுத்துக்கொண்டே போனது. ஷவ்கி ஊற்றிய தேநீர் மூன்று குவளையிலும் ஆறிப்போனது. கடைசியில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இவர்கள் ஜெயித்தபோது உம்மு நாதிர், என்ன நடந்தது என்றே தெரியாமல், முக்காலியிலிருந்து எழுந்து கல்யாண வீட்டுக் குலவை போட்டாள். ஜித்தாவில் கதீருக்கே அது கேட்டது.

“யாருடி அது?”

“எங்க மூணாம் மாடி அக்கா.”

“அடுத்த போட்டிக்கும் அவங்களைக் கூட்டிட்டு வா.” கதீர் கொஞ்சம் நிறுத்தினாள். “ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணிக்குப் பயிற்சி, ரவ்யா. லேட்டா வராத. மஸ்கட் பொண்ணுகிட்ட நான் பேசிக்கிறேன்.”

உம்மு நாதிர் துணி துவைக்க மாடி ஏறினாள். ரவ்யா ஒலிவாங்கியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கடற்காற்று பட்ட முகம். ஷவ்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது திரையின் ஓரத்தில் அந்தச் சின்னப் பெட்டி முளைத்தது. ஷவ்கி திடுக்கிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“என்ன சொல்லுது?”

“களைச்சுப் போச்சாம். கொஞ்சம் அணைச்சு வைக்கச் சொல்லுது. நீயே பண்ணு.”

அவன் விரலை நீட்டி, படகைக் கரையில் அணைக்கிற பதத்தில், குமிழை மெல்ல அழுத்தினான். திரை இருண்டது. சமையலறையிலிருந்து சின்ன வானொலியைக் கொண்டுவந்து அலமாரி மேல் வைத்து, குரலைத் தணித்து, ஓதலைப் போட்டான். அதில் திரை இல்லை.

“இப்போ ஆன்ல இருக்கா, ஆஃப்ல இருக்கா?” என்று கேட்டான்.

“போய் டீயைச் சூடு பண்ணு, ரய்யிஸ்,” என்றாள் ரவ்யா. மேலே உம்மு நாதிரின் துவைக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்திருந்தது.